மருத்துவர் தாலிமெரன் ஆவோ

விளையாட்டு என்பது வீண்பொழுது போக்குவதற்கு உரிய செயல் அன்று. அஃது உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஒழுங்கும் ஒருங்கே அளிப்பது. ஆயினும் விதிக்கு அடங்கி ஆடும்பொழுதுதான் அது விளையாட்டு எனப்படும். விதியைத் துறந்துவிட்டால் வெறும் ஆரவாரமாய் முடியும். களத்திற்குள் எத்தகைய உடையுடன் புகுதல் வேண்டும், எவற்றை அணிதல் கூடாது என்பதற்கும் விதிகள் உண்டு. அவ்விதிகள் எவ்வாறு தோன்றின, ஏன் தோன்றின என்பதை அறிந்தவன் அவற்றைச் சுமையாகக் கருதமாட்டான்.

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாறு கடலை நோக்கிச் செல்லும் கரையோர மணலில், மாலைவேளையில் பந்து உதைத்து ஆடும் சிறுவர்களுக்குக் காலணி ஒரு பொருட்டன்று, வெறுங்காலே போதும். ஆனால் அவர்களே கல்லூரி அணியில் சேர்ந்து போட்டிக்களம் புகும்பொழுது, காலணி இல்லையேல் நடுவர் அவர்களை ஆட விடமாட்டார். மணலில் தேவைப்படாதது களத்தில் ஏன் கட்டாயம் ஆயிற்று? இவ்வினாவிற்கு விடை கூறும் வரலாற்றின் நடுவே நிற்பவர் ஒரு பெருமகனார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். அதன்பின் மருத்துவராய்த் தம் மக்களுக்குத் தொண்டு புரிந்தவரும் அவரே. அவர்தாம் மருத்துவர் தாலிமெரன் ஆவோ.

பிறப்பும் இளமையும்

இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், மேகம் தவழும் மலைகள் அடுத்தடுத்து நிற்கும் நாகர் நாட்டில், சாங்கி என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1918ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் தாலிமெரன் பிறந்தார். ஆவோ என்பது நாகர் குடிகளுள் ஒன்றன் பெயர். அக்குடிப் பெயரே அவர் பெயரின் பின்னும் நின்றது. அவருடைய தந்தையார் சுபோங்வாதி நிங்தாரி என்பவர் கிறித்தவ சமயப் பணியாளர். பன்னிரு மக்கள் கொண்ட அப்பெருங்குடும்பத்தில் தாலிமெரன் நான்காம் பிள்ளையாவார்.

சமயப்பணியின் பொருட்டுத் தந்தையார் இம்பூர் என்னும் ஊரில் வாழ்ந்தமையால், தாலிமெரனின் இளமைக் காலம் அங்குக் கழிந்தது. விலையுயர்ந்த தோற்பந்து வாங்கும் வசதி அம்மலையூர்ச் சிறுவர்க்கு ஏது? கந்தல் துணியை உருட்டிக் கட்டிப் பந்தாக்கி அவர்கள் ஆடினர். மேடும் பள்ளமுமான நிலத்தில் வெறுங்காலுடன் ஓடியாடிப் பழகிய அவ்விளைஞனின் கால்கள் உரம் பெற்றன. நெஞ்சும் அவ்வாறே உரம் பெற்றது.

தந்தையின் விருப்பம்

1935ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின்மீது பேரிடி விழுந்தது. தந்தையார் குடற்காய்ச்சலுக்கு இரையானார். தக்க மருத்துவம் இன்மையால் மலைநாட்டில் உயிர்கள் மடிவதைக் கண்டு வருந்தியவர் அவர். தம் மைந்தன் மருத்துவம் கற்றுத் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவருடைய பெருவிருப்பமாய் இருந்தது. அப்பொழுது தாலிமெரனுக்கு வயது பதினேழு. தந்தை விட்டுச்சென்ற அவ்விருப்பமே அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று. பின்னர்ப் பந்தாட்டம் புகழின் கொடுமுடிக்கு அவரை ஏற்றியபொழுதும், அந்த ஒரு சொல்லை அவர் மறந்தாரில்லை.

1901ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற குவாகாத்திக் காட்டன் கல்லூரியில் அவர் பயின்றார். அங்கே படிப்போடு உடற்பயிற்சிப் போட்டிகளிலும் பந்தாட்டத்திலும் முதன்மை பெற்றார். அந்நகரின் மகாராணா கழகத்தின் சார்பாகவும் ஆடினார். கல்லூரிக் களமே அவருடைய ஆற்றலை உலகுக்குக் காட்டிய முதல் மேடை எனலாம்.

கல்கத்தாவில் கல்வியும் ஆட்டமும்

1942ஆம் ஆண்டில் தாலிமெரன் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியே 1948ஆம் ஆண்டில் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. அடுத்த ஆண்டே, 1889ஆம் ஆண்டில் தோன்றிய புகழ்மிக்க மோகன் பகான் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. இளமையில் முன்னணி ஆட்டக்காரராய்ப் பந்தை எதிர்ப்பக்கம் செலுத்தி வந்த அவர், இங்கு நடுக்களத்தில் நின்று எதிரிகளின் வரவைத் தடுக்கும் பொறுப்பை ஏற்றார். நாளடைவில் அவ்வணிக்குத் தலைமை தாங்கும் நிலைக்கும் உயர்ந்தார்.

அக்காலம் எத்தகையது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. 1943ஆம் ஆண்டில் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1944ஆம் ஆண்டில் சப்பானியர் படை அவருடைய நாகர் நாட்டிலேயே புகுந்து, கோகிமா நகரைப் போர்க்களமாக்கியது. பிறந்த மண்ணில் குண்டுகள் வீழ, புகுந்த நகரில் மக்கள் பட்டினியால் மடிய, அவ்விளைஞர் நூலையும் பந்தையும் இரு கண்களாகக் கொண்டு உழைத்தார். காலையில் உடற்கூற்றியல், மாலையில் பந்தாட்டம் என்று நாள்கள் சென்றன. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாமல் இரண்டையும் காத்தமைக்கு அவருடைய நேர ஒழுங்கே காரணமாதல் வேண்டும்.

வெறுங்கால் ஆட்டம்

அந்நாளில் இந்திய வீரர்களுள் மிகப்பலர் வெறுங்காலுடனேயே ஆடினர். சிலர் பாதத்தைச் சுற்றித் துணிப்பட்டை கட்டிக்கொள்வதுண்டு, அவ்வளவே. இதற்குக் காரணங்கள் பல. பந்தாட்டக் காலணி விலை மிக்கது. ஏழைச் சிறுவர்க்கு எட்டாதது. வெப்ப நாட்டில் தடித்த தோல் காலணி துன்பம் தருவது. இவற்றினும் பெருங்காரணம் பழக்கமேயாம். பிள்ளைப் பருவம் முதல் பாதத்தால் பந்தைத் தொட்டு ஆடியவர்க்குப் பந்தின் போக்கு தோலின் வழியாகவே உணர்வாயிற்று. வேகமாகத் திரும்பவும், அணுக்கத்தில் நிற்கும் துணைவர்க்குப் பந்தை நுட்பமாக வழங்கவும் வெறுங்கால் உதவியது.

இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 1911ஆம் ஆண்டு. அவ்வாண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணி, காலணி அணிந்த ஆங்கிலப் படைவீரரின் கிழக்கு யார்க்சயர் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. வென்ற பதினொருவருள் காலணி அணிந்தவர் ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டிற்கு அவ்வெற்றி பெருங்கிளர்ச்சியை ஊட்டியது. அன்றுமுதல் வெறுங்கால் நம் பெருமையின் அடையாளமாகவும் கருதப்பட்டது.

ஆயின் ஒவ்வொரு பொருளுக்கும் இரு பக்கங்கள் உண்டு. நிலம் காய்ந்து கிடக்கும்பொழுது வெறுங்கால் விரைந்து பாயும். மழை பெய்து தரை வழுக்கினால் தடுமாறும். நீரில் நனைந்த தோற்பந்து கனத்து, பாதத்திற்கு நோவு தரும். காலணி அணிந்த எதிரியோடு மோதும்பொழுது விரல்களும் கணைக்காலும் காயமுறும். இவற்றையெல்லாம் அறிந்தே நம் வீரர் ஆடினர்.

அக்காலத்து உலகப் பந்தாட்ட விதி, வீரர் காலணி அணிந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. காலணி அணிபவர்க்கே கட்டுப்பாடு விதித்தது. அதன் அடியில் உள்ள குமிழ்கள் குறித்த அளவிற்கு மேல் நீண்டிருத்தல் கூடாது என்பது போன்ற வரையறைகள் இருந்தன. பிறர்க்குக் காயம் நேராமல் காப்பதே அவற்றின் நோக்கம். எனவே வெறுங்காலுடன் ஆடிய நம் வீரர் விதியை மீறியவர் அல்லர். விதிக்கு உட்பட்டே ஆடினர்.

இலண்டன் ஒலிம்பிக்

1947ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஓராண்டு நிறைவதற்குள் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழா வந்தது. விடுதலை பெற்ற நாடாக இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் விழா அதுவே. கால்பந்து அணிக்குத் தலைவராகத் தாலிமெரன் ஆவோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பது. மருத்துவப் பட்டம் இன்னும் பெற்றிலர். பல மாநிலத்து வீரர்களும் பல மொழி பேசுவோரும் கூடிய அவ்வணிக்கு, எல்லைப்புற மலைநாட்டு இளைஞர் ஒருவர் தலைவரானது நம் நாட்டு ஒருமைப்பாட்டிற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

சூலைத் திங்கள் 29ஆம் நாள் வெம்பிளி அரங்கில் தொடக்க விழா நிகழ்ந்தது. ஆங்கில மன்னர் ஆறாம் சார்சு முன்னிலையில் நாடுகள் அணிவகுத்துச் சென்றன. இந்திய அணியின் முன்னே மூவண்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் தாலிமெரன் ஆவோவே. எந்த நாட்டின் கொடியின்கீழ் இந்தியர் நெடுங்காலம் அடங்கி வாழ்ந்தனரோ, அந்நாட்டின் தலைநகரில் இந்தியக் கொடி தனித்துப் பறந்தது. அக்காட்சியைக் கண்ட இந்தியர் உள்ளம் எத்துணைப் பூரித்திருக்கும்!

இரு நாள் கழித்து, சூலைத் திங்கள் 31ஆம் நாள், இல்போர்டு என்னும் இடத்தில் இந்திய அணி பிரெஞ்சு அணியை எதிர்த்தது. புதுச்சேரி மாணவர்க்கு இவ்வாட்டம் தனிச்சுவை உடையது. அந்நாளில் புதுச்சேரியும் அதனைச் சார்ந்த நோணாங்குப்பம் முதலிய ஊர்களும் பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தன. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்றுதான் அவற்றின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. ஆகவே, இந்தியாவும் பிரான்சும் பந்தாட்டக் களத்தில் மோதிய அந்த நாளில், நம் ஊரார் உறவால் ஒரு பக்கமும் ஆட்சியால் மறுபக்கமும் இருந்தனர் எனலாம்.

இந்திய வீரர் பதினொருவருள் எண்மர் வெறுங்காலுடன் களம் புகுந்தனர். காலணி அணிந்த ஐரோப்பியருக்கு எதிராக அவர்கள் எவ்வாறு நிற்கப் போகின்றனர் என்று கூடியிருந்தோர் வியந்தனர். முதற்பாதியில் பிரெஞ்சு அணி ஓர் இலக்கைப் பெற்றது. இரண்டாம் பாதியில், எழுபதாம் நிமிடத்தில், தென்னாட்டவரான சாரங்கபாணி இராமன் பந்தை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். விடுதலை பெற்ற இந்தியா பன்னாட்டுக் கால்பந்தில் பெற்ற முதல் இலக்கு அதுவேயாகும்.

தண்டனை உதை அடிக்கும் வாய்ப்பு நம்மவர்க்கு இருமுறை கிடைத்தது. இருமுறையும் அது வீணாயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரெஞ்சு அணி இரண்டாம் இலக்கைப் பெற்று வென்றது. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தியா தோற்றது. தோற்றவர் நாணித் தலை குனியவில்லை. காண வந்திருந்த ஆங்கில மக்கள் வெறுங்கால் வீரர்களின் திறத்தை மனமாரப் போற்றினர். வெற்றியில்லாப் போட்டியிலும் மதிப்பைப் பெற முடியும் என்பதைத் தாலிமெரனின் அணி காட்டியது.

விதி வந்த வரலாறு

இலண்டனில் புகழ் தந்த வெறுங்கால், நான்கு ஆண்டுகளுக்குப் பின் துயர் தந்தது. 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி யூகோசுலாவிய அணியிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பெருந்தோல்வி அடைந்தது. வடபுலத்துக் குளிர்ந்த நிலத்தில் வெறுங்கால் வீரர் பெரிதும் இடருற்றனர். அதன்பின் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வீரர்களுக்குக் காலணியைக் கட்டாயமாக்கியது.

பழக்கத்தை விடுதல் எளிதன்று. வெறுங்காலிற் பெற்ற நுட்பம் காலணியில் மறைந்துவிடுமோ என்று அஞ்சியோரும் இருந்திருப்பர். ஆனால் நடந்தது வேறு. காலணி பூண்ட இந்திய அணி 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962ஆம் ஆண்டு சகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப்பதக்கமே வென்றது. விதி திறமையைக் கெடுக்கவில்லை. அதற்குத் துணை நின்றது.

ஏனைய நாடுகளிலும் உடை விதிகள் இவ்வாறே பட்டறிவிலிருந்து பிறந்தன. கணைக்காலுக்குக் காப்பு அணியும் வழக்கத்தை 1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகர வீரர் சாம் விடோசன் தொடங்கி வைத்தார். அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் ஆடப்படும் பந்தாட்டம் வேறுவகையானது. பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் கடுமையான ஆட்டம் அது. அவ்வாட்டத்தில் மாணவர் பலர் காயமுற்றும் உயிரிழந்தும் போகவே, 1905ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்டே தலையிட நேர்ந்தது. விதிகள் திருத்தப்பட்டன. தலைக்காப்பு அணிவது 1939ஆம் ஆண்டில் அக்கல்லூரி ஆட்டங்களில் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு விதியின் பின்னும் யாரோ ஒருவர் உற்ற துன்பம் மறைந்து கிடக்கிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்று உலகக் கால்பந்து விதிகளுள் நான்காவது விதி உடையைப் பற்றியது. கையுள்ள சட்டை, அரைக்காற்சட்டை, காலுறை, கணைக்காற்காப்பு, காலணி ஆகிய ஐந்தும் ஒவ்வொரு வீரர்க்கும் இன்றியமையாதன. கணைக்காற்காப்பைக் காலுறை முழுதும் மூடியிருத்தல் வேண்டும். மோதிரம், சங்கிலி, காதணி போன்ற அணிகலன்களைக் கழற்றிவிட வேண்டும். இரு அணியினரும் வேறுவேறு நிற உடையில் தோன்ற வேண்டும். இலக்குக் காவலர் இவர்களினின்றும் வேறுபட்ட நிறம் அணிதல் வேண்டும். பிறர்க்கோ தனக்கோ தீங்கு நேரக்கூடாது, ஆட்டத்தில் குழப்பம் விளையக்கூடாது என்னும் இரண்டே இவ்விதிகளின் அடிப்படை. செல்வர் மகனும் ஏழை மகனும் ஒரே சட்டையை அணிந்து நிற்கும்பொழுது வேற்றுமை மறைகிறது என்பது மற்றொரு நன்மை. ஆனால் அந்நன்மை கைகூட வேண்டுமாயின், காலணி வாங்க இயலாத ஏழை மாணவனுக்கு அதனை வாங்கித் தருவதும் பள்ளி கல்லூரிகளின் கடமையாகும். இல்லையேல் காக்க வந்த விதியே அவனைத் தடுக்கும் சுவராகிவிடும்.

தாய்மண்ணில் தொண்டு

மீண்டும் தாலிமெரன் ஆவோவின் வாழ்க்கைக்கு வருவோம். இங்கிலாந்தின் பெயர்பெற்ற ஆர்சனல் கழகம் தம்மிடம் வந்து ஆடுமாறு அவரை அழைத்ததாகவும், மருத்துவக் கல்வி முடியவில்லை என்பதற்காக அவர் அதனை ஏற்கவில்லை என்றும் கூறுவர். பொருளும் புகழும் ஒருபுறம். தந்தையின் விருப்பம் மற்றொருபுறம். எப்புறம் செல்வது என்பதில் அவர்க்கு ஐயம் எழவில்லை. இந்தியா திரும்பினார், கல்வியைத் தொடர்ந்தார், 1950ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். சேர்ந்து எட்டு ஆண்டுகள் கழிந்து பெற்ற பட்டம் அது.

பின்னர் அசாமின் திப்ருகரில் உள்ள மருத்துவக் கல்லூரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பணியாற்றினார். 1953ஆம் ஆண்டில் தம் நாகர் நாட்டிற்கே திரும்பி, கோகிமாவில் மருத்துவராகப் பொறுப்பேற்றார். போரினால் பாழ்பட்டு மீண்டெழுந்த நகர் அது. பெருநகரங்களில் மருத்துவத் தொழில் நடத்தியிருந்தால் வளமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ மருத்துவர் அருகியிருந்த மலைநாட்டையே நாடினார். 1963ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் மக்கள் நலவாழ்வுத் துறைக்கு இயக்குநராகவும் அவர் உயர்ந்து, 1978ஆம் ஆண்டில் பணியினின்றும் ஓய்வு பெற்றார்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள், தம் எண்பதாம் அகவையில், அப்பெருந்தகை இயற்கை எய்தினார். உடல் மறைந்தது; புகழ் மறையவில்லை. வடகிழக்கு மாநில இளைஞர்கள் ஆடும் கால்பந்துப் போட்டிக் கோப்பை ஒன்று அவர் பெயர் தாங்கி விளங்கலாயிற்று.

நாம் பெறும் பாடம்

மாணவச் செல்வர்களே, இப்பெரியாரின் வரலாறு நமக்கு உணர்த்துவன யாவை? வறுமையும் வசதியின்மையும் முயற்சியைத் தடுக்கும் சுவர்கள் அல்ல என்பது ஒன்று. கந்தற்பந்து உதைத்த கால்களே இலண்டன் களத்தில் இந்தியாவின் பெயரைத் தாங்கின. விளையாட்டும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பது மற்றொன்று. காலத்தை அளந்து செலவிடுவார்க்கு இரண்டும் கைகூடும். பெற்ற புகழைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்படுத்துதல் வேண்டும் என்பது மூன்றாவது. இதுவே தலையாயதும் ஆகும்.

களத்தில் விதிக்கு அடங்கி ஆடிய தாலிமெரன், களத்திற்கு வெளியே தந்தையின் விருப்பம் என்னும் ஒரு விதிக்கும் அடங்கி வாழ்ந்தார். முன்னதை மீறினால் நடுவர் வெளியேற்றுவார். பின்னதை மீறினால் கேட்பார் எவரும் இல்லை. கேட்பார் இல்லாத விதியையும் காத்து நின்றமையே அவரைப் பெரியாராக்கியது. அவ்வுறுதியை நாமும் பெற முயல்வோமாக.